விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் லாபமா?

ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்கள் எல்லை தாண்டித் திருத்தணிக்கு வந்தால் வண்டியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டுதான் திரும்புவார்கள். ஆந்திராவில் பெட்ரோலுக்கு வரி அதிகம். இதோடு இன்னொரு கணக்கும் உண்டு: விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், அதே லிட்டரில் சரக்கு கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள்.

அடிப்படை சரிதான். சூடேறும்போது மூலக்கூறுகள் பருத்துவிடுவதில்லை. ஆட்டம் கூடி, அவற்றுக்கிடையே இடைவெளி அகல்கிறது. எடை அப்படியே இருக்க, அடைக்கும் இடம் மட்டும் பெருகுவதால் அடர்த்தி குறைகிறது. இரும்பில் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் விரிவு சொற்பம். பெட்ரோலில் அந்தப் பிடி தளர்வு. ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம், அதாவது இரும்பைப்போல 25 மடங்குக்கும் மேல் விரிகிறது. 15 டிகிரியில் லிட்டருக்கு 745 கிராம் இருக்கும் பெட்ரோல், 35 டிகிரியில் 728 கிராம் அளவுக்கு வந்துவிடும். எஞ்சினுக்கு வேண்டியது கிராம்தான், லிட்டர் இல்லை.

அப்படியானால் காலையில் போட்டால் லாபம்தானே? பங்க்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறதே! வெயில் தரையைத்தான் சுடுகிறது. பகல் சூடு கீழே இறங்குவதற்குள் ராத்திரி வந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் பெட்ரோலின் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவாக மாறாது. தாராளமாக 2 டிகிரி வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். 5 லிட்டருக்கு 10 மில்லி, ஒரு ரூபாய் சமாச்சாரம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வெப்பம் உண்மையில் கடிப்பது பங்க் டீலரைத்தான். 12,000 லிட்டர் லாரி சரக்கு வெயிலில் 35 டிகிரியில் வந்து, நிலத்தடி டேங்கில் 30-க்குத் தணிந்தால், யாரும் திருடாமலே 50 லிட்டருக்கு மேல் சுருங்கிவிடும்.

பங்க்கில் அன்றன்றைக்கு எழுதிப்போடும் அடர்த்தி எண் இந்தக் குழப்பத்துக்காகத்தான் 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிடப்படுகிறது. ஜாடியில் பெட்ரோலை ஊற்றி, மிதவை அடர்த்திமானியையும் வெப்பமானியையும் விட்டுப் பார்ப்பார்கள். 35 டிகிரியில் 728 என்று காட்டினால், அட்டவணைப்படி அது ஏறக்குறைய 745. லாரி வந்தபோது குறித்த எண்ணிலிருந்து இது 3-க்கு மேல் விலகினால் கலப்படச் சந்தேகம் எழும். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட அடர்த்தியானது. கலந்தால் எண் ஏறும்.

வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பைக் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தாதீர்கள். 10 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் 150 மில்லியாவது பெருகும். டேங்கின் இரும்பு விரிந்து கொடுக்கும் இடம் 5 மில்லிதான். மீதி மூடி வழியாகவோ வடிகுழாய் வழியாகவோ வெளியே வரும், அதுவும் தீப்பற்றும் ஆவியோடு.