விதிவிலக்கு: 'எக்செப்ஷன்' என்னும் சொல்லின் பொருளும் தமிழும்

ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதுவோர், நிரலின் இயல்பான போக்கு தடைபடும்போது எறியப்படும் பொருளைக் குறிக்க அன்றாடம் புழங்கும் 'எக்செப்ஷன்' என்ற சொல், வெளியே என்று பொருள்படும் 'எக்ஸ்' என்ற முன்னொட்டும் எடுத்தலைக் குறிக்கும் 'காபெரே' என்ற வினையும் கூடிய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. பொதுவானவற்றிலிருந்து பிரித்து வெளியே எடுக்கப்பட்டது என்பதே அதன் வேர்ப்பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றவர்கள் 'எக்செப்சியோன்' என்று ஒலிப்பதும் இதைத்தான்.

தமிழில் 'விதிவிலக்கு' என்பதே இதற்குத் தகும். 'பிழை' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஏனெனில் ஜாவாவில் 'எரர்' (பிழை) என்று வேறோர் இனக்குழு, அதாவது பொருள்களின் வகையை வரையறுக்கும் 'கிளாஸ்', உண்டு, அதுவும் எக்செப்ஷனும் 'த்ரோவபிள்' (எறியத்தக்கது) என்ற ஒரே தாயின் பிள்ளைகள். இலக்கணத்தில் 'புறனடை' என்ற சொல்லும் இருக்கிறது. விதிகளுக்குள் அடங்காமல் எஞ்சியவற்றை இயலின் இறுதியில் தழுவிக்கொள்ளும் நூற்பா அது. நிரலில் எறியப்பட்டவற்றுள் எஞ்சிய எல்லாவற்றையும் பிடிக்கக் கடைசியில் எழுதும் 'கேட்ச்' பகுதிக்கு அச்சொல் அழகாகப் பொருந்தும், எறியப்படும் பொருளுக்குப் பொருந்தாது.

ஜாவாவில் ஒன்று விதிவிலக்காவது பிறப்பால் மட்டுமே. புதுச்சேரியில் என்னிடம் படிக்கும் கடலூர் மாணவி ஒருவர், மீன் ஏலக் கணக்குக்கான நிரலில், இணைப்பு அறுந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம் என்பதைத் தெரிவிக்க 'மறுமுயற்சிக்குரியது' என்றோர் இடைமுகம் (இனக்குழு தர வேண்டிய செயற்கூறுகளை மட்டும் பட்டியலிடும் 'இன்டர்ஃபேஸ்') அமைத்து, அதன் பெயரையே கேட்ச் அடைப்புக்குள் இட்டிருந்தார். அந்த வகையைத் த்ரோவபிளாக மாற்ற இயலாது என்று, நிரலை மொழிபெயர்க்கும் தொகுப்பி ('கம்பைலர்') மறுத்துவிட்டது. எறியப்படுவதும் பிடிக்கப்படுவதும் த்ரோவபிளின் வழித்தோன்றல்களாகவே இருக்க வேண்டும். த்ரோவபிளோ இடைமுகமன்று, இனக்குழு.

பெயர் சொல்லிப் பிடிக்க வேண்டியதற்கு, ஆகவே, மரபுரிமமே, அதாவது தாய் இனக்குழுவின் வழியில் பிறப்பதே, வழி. 2006இல் வந்த ஜாவா 6, தரவுத்தள விதிவிலக்குகளில் மறுமுயற்சியில் சரியாகக்கூடியவற்றை 'எஸ்க்யூஎல் டிரான்சியன்ட் எக்செப்ஷன்' என்ற தனிக் கிளையாகப் பிரித்தது இதனால்தான். ஆயினும் ஜாவாவில் ஓர் இனக்குழுவுக்குத் தாய் ஒன்றே. அந்த இடம் நிரம்பிய பின் வேறொரு பண்பையும் ஏற்க வேண்டுமானால் இடைமுகமன்றி வேறு வழியில்லை. ஜாவாவில் இணையச் செயலிகள் எழுத உதவும், 2022இல் வெளிவந்த ஸ்பிரிங் 6 சட்டகத்தில் 'எரர் ரெஸ்பான்ஸ்' இடைமுகமாக அமைந்திருப்பதால், ஏற்கெனவே 'சர்வ்லெட் எக்செப்ஷன்' வழியில் பிறந்தவையும் அதை ஏற்று, இணைய மறுமொழிக்குரிய தத்தம் நிலைக்குறியீட்டைச் சொல்ல முடிகிறது.

'இடைமுகம்' என்பது வேர்ப்பொருளை அப்படியே தருகிறது: இலத்தீனில் 'இன்டெர்' இடை, 'ஃபாசியேஸ்' முகம். பயனர் காணும் திரைக்கு அது பொருந்துமளவுக்கு, செயற்கூறுகளை ('மெத்தட்') தருவதாக ஓர் இனக்குழு ஒப்புக்கொள்ளும் ஜாவா இடைமுகத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. வகுப்பில் நான் 'ஒப்பந்தம்' என்றே விளக்குகிறேன்.

அந்த மாணவி பிறகு 'இணைப்பறுந்த விதிவிலக்கு' என்று எக்செப்ஷனின் வழியில் ஓர் இனக்குழு அமைத்து, கேட்சில் அதன் பெயரை இட்டார். 'மறுமுயற்சிக்குரியது' என்ற இடைமுகத்தையும் அவர் நீக்கவில்லை; எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று சொல்லும் ஒரே செயற்கூறோடு, பிடித்த பின் கேட்டறிவதற்காக அதை வைத்துக்கொண்டார்.