பட்டை கூட்டினால் பாரம் கூடாது

"ஏனுங்கண்ணா, பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுட்டா இன்னும் அரை டன் ஏத்தலாமுங்களா?" பிக்கப் வாங்கின கையோடு வருகிற கேள்வி இது. பட்டை என்றால் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் பாரம் தாங்கும் இரும்பு வில் தகடு, லீஃப் ஸ்பிரிங். ஏற்றக்கூடாதுங்க. எத்தனை பேர் கேட்டாலும் பதில் இதுதான்.

பட்டை வண்டியை நிமிர்த்திக் காட்டும், அவ்வளவுதான். ஹவுசிங் (பின் ஆக்சிலின் பல்சக்கரக் கூடு), ஹப் பேரிங், டயர், பிரேக் லைனர் எல்லாம் கம்பெனியில் போட்டபடியேதான் இருக்கும். பின்பக்கம் இறங்காததால் "பாரமே தெரியலை" என்று கண் ஏமாறும். அதைவிட ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பல பிக்கப்களில் சேசிஸில் எல்எஸ்பிவி என்றொரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறதோ அதைப் பார்த்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை கூட்டினால் வண்டி அமுங்காது. வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்த நிலையில் முழுப் பாரத்தோடு திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் என்ன ஆகும்? தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

ஆர்சியில் மொத்த எடை, வெற்று எடை இரண்டும் இருக்கும். கழித்தால் வருவதுதான் உங்கள் கணக்கு. ஓட்டுபவர், மூட்டை தூக்குபவர், தார்ப்பாய், கயிறு எல்லாம் அதற்குள் அடக்கம். எம் சாண்ட் அரை யூனிட் என்பது 50 கன அடி, 2 டன்னைத் தாண்டிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு ஏற்றுகிறவர்கள் கவனிக்கணும்: மழையில் நனைந்தால் அதே அளவு சரக்கு பல மடங்கு கனக்கும். 1,000 லிட்டர் தண்ணீர் 1 டன். தொட்டி பாதி நிறைந்திருந்தால் வளைவில் தண்ணீர் ஒருபக்கம் சாய்ந்து வண்டியையும் இழுக்கும். நிரப்புங்கள், இல்லையென்றால் காலியாக விடுங்கள். அதிக பாரத்துக்கு 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

கனமான சாமானை கேபினை ஒட்டி அடியில் வையுங்கள். பின்கதவோரம் குவித்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விடும்.

இனி சத்தம். "கிரீஸ் அடிச்சா போயிரும்" என்று விடாதீர்கள்.

வண்டி எடுக்கும்போதும், ரிவர்ஸ் மாற்றும்போதும் ஒரே ஒரு 'டொக்': கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயிண்ட் கிராஸைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டைக் கையால் அசையுங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தாலோ, கப் ஓரம் செம்பழுப்புத் தூள் இருந்தாலோ மாற்றணும். ஆட்டம் இல்லையென்றால் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் லூசா என்று பாருங்கள்.

ஓடும்போது ஊளைச் சத்தம்: ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் மாறினால் ஹவுசிங்கைச் சந்தேகியுங்கள், முதலில் ஆயில் அளவு பாருங்கள். ஆக்சிலரேட்டருக்கு மாறாமல், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் பெரும்பாலும் இடப்பக்க வீல் பேரிங்.

பள்ளத்தில் 'கிரீச்' என்றால் பட்டை முனையில் இருக்கும் ரப்பர், ஷாக்கிள் புஷ். இதற்குப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். ரப்பர் ஊதிக் கெடும், மண் ஒட்டிப் பட்டையைத் தேய்க்கும்.

வண்டி நேராகப் போகிறது, பின்பக்கம் மட்டும் ஒதுங்கி வருகிறதா? பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கும். பின் பட்டையின் முன்முனை மாட்டியிருக்கும் ஹேங்கரிலிருந்து பின் ஆக்சில் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் பாரம் ஏற்றாதீர்கள்.

பட்டை வேலை முடிந்த வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். கழற்றிய பழைய போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தால் பட்டறையில் சண்டை போட்டாவது புதுசு வாங்கிப் போடச் சொல்லுங்கள்.