செம்மண் பொட்டலில் ஆர்.சி. கார்: எந்த ஜாயின்ட்டுக்கு கிரீஸ், எதற்குக் கூடாது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பொட்டலில் ஓட்டிவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுவரும் ஆர்.சி. கார்களில் (ரிமோட்டில் ஓடும் சின்னக் கார்கள்) ஒரே மாதிரியான தேய்மானத்தை அடிக்கடி பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் குறுக்கே நிற்கும் பின் (ஊசி போன்ற துண்டு) ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அது உட்காரும் டிஃபரன்ஷியல் கப்பில் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியரின் குழிந்த முனையில்) பள்ளம் விழுந்திருக்கும். சுற்றிலும் காவி நிறப் பசை அப்பிக் கிடக்கும். "ஒவ்வொரு தடவையும் எண்ணெய் போட்டுத்தானே ஓட்டினோம்" என்பார்கள். தேய்ந்ததே அந்த எண்ணெயால்தான்.

நம் பக்கத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. சாதாரண எஃகைவிட அது கடினமானது. காய்ந்த புழுதி கப்பில் விழுந்தால் சக்கரம் சுற்றும்போதே பெரும்பகுதி உதிர்ந்துபோகும். எண்ணெய்ப் பசை இருந்தால் அதே புழுதி ஒட்டிக்கொண்டு பின்னுக்கும் கப்புக்கும் நடுவே அரைபடும். பைக் மெக்கானிக் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பேஸ்ட்டும் எண்ணெயில் குழைத்த கடினத் துகள்தான்.

அதனால் மசகு வாங்குவதற்கு முன் காரைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஜாயின்ட் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? முடிவு அதில்தான் இருக்கிறது.

டாக்போன் வகை ஷாஃப்ட்டுக்கு இரண்டு முனையிலும் உருண்டையும் குறுக்குப் பின்னும் இருக்கும். அவை கப்பின் வாய்க்குள் சும்மா நுழைந்து நிற்கும். இது முழுக்கத் திறந்த ஜாயின்ட். நம் மண்ணில் இதற்கு ஈரமான மசகு எதுவும் வேண்டாம். ஓட்டி முடித்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, துணியால் துடைத்தால் போதும். மனம் கேட்கவில்லையென்றால் டெஃப்லான் டிரை லூப் (உலர்ந்த படலமாக நிற்கும் மசகு) ஒரு துளி விட்டு, அது முழுக்க உலர்ந்த பிறகு ஓட்டுங்கள். ஈரம் காயாமல் ஓட்டினால் அதுவும் எண்ணெய் மாதிரியே புழுதியைப் பிடிக்கும்.

பின்னை நகத்தால் தடவிப் பாருங்கள். லேசாகத் தட்டையாகியிருந்தால், இரண்டும் ஒரே நீளமாக இருக்கும்பட்சத்தில், இடது ஷாஃப்ட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம். முன்னோக்கி ஓடும்போது இதுவரை பாரம் தாங்காத முகம் இனி பாரம் வாங்கும். நகம் சிக்குகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிப் போட்டுப் பயனில்லை. ஷாஃப்ட்டையும் கப்பையும் சேர்த்தே புதிதாகப் போடுங்கள். புதுப் பின்னைப் பழைய பள்ளத்தில் விட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

சி.வி.டி. ஷாஃப்ட்டின் (முனையில் பின் கோத்து மடங்கும் வகை) சக்கரப் பக்க ஜாயின்ட் மூடிய ஜாயின்ட்; அதற்கு கிரீஸ் கட்டாயம் வேண்டும். ஷாஃப்ட் தலையில் இரண்டு துளை, ஆக்சிலுக்குள் சின்ன உருளையாக ஒரு பேரல், இரண்டையும் கோக்கும் ஒரு பின், அந்தப் பின்னைப் பிடித்து நிறுத்தும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). பேரல் ஆக்சிலுக்குள்ளும், பின்னின் முனைகள் ஷாஃப்ட் துளைகளிலும் உராயும். இடம் சின்னது, பாரம் பெரிது. வலு அதிகமுள்ள பிரஷ்லெஸ் மோட்டார் இருந்தால் இன்னும் அதிகம்.

சக்கரத்தைக் கழற்றி ஷாஃப்ட்டை வெளியே எடுங்கள். 1/10 அளவுக் கார்களில் (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) பெரும்பாலும் 7 மி.மீ. நட். கிரப் ஸ்க்ரூ எம்3 (3 மி.மீ. தடிமன்) என்றால் 1.5 மி.மீ. ஆலன் கீ, எம்4 என்றால் 2 மி.மீ. தேய்ந்த கீயைப் போட்டால் ஸ்க்ரூவின் வாய் வழுக்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. இறுக்கமாக இருந்தால் முறுக்காதீர்கள்; சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூமேல் அரை நிமிடம் வைத்தால் பழைய திரெட் லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) இளகிவிடும். சுட்ட உலோகத்தைக் கையால் தொட வேண்டாம்.

பின், பேரல், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவிடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவினால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிச்சம் நிற்கும். அதன்மேல் திரெட் லாக் பிடிக்காது. மண்ணெண்ணெயும் திரெட் லாக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பாடி பக்கம் போகக் கூடாது.

பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் கால் சுற்றுத் திருப்பிப் போடலாம். பேரலின் வெளிப்புறத்தில் கிராஃபைட் அல்லது மோலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். பின்னின் இரண்டு முனையிலும் கடுகளவு போதும். அதற்கு மேல் வைத்தால் ஓடும்போது வெளியே பிதுங்கி, கழுவியெடுத்த புழுதியைத் திரும்பக் கூட்டிவரும். ஸ்க்ரூவின் மரையிலும் அது இறங்கும் துளையிலும் கிரீஸ் துளியும் படக் கூடாது. நீல நிறத் திரெட் லாக் ஒரு சொட்டு அங்கே. சிவப்பு வேண்டாம், அடுத்த சர்வீஸில் கழற்றுவது பெரும்பாடு. முழுப் பிடிப்பு வர 24 மணி நேரம் ஆகும். அன்று மாலையே ஓட்டினால் ஸ்க்ரூ தளர்ந்து பின் பறந்துவிடும்.

பின்னின் மேல் ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) ஒரு வளையம் போட்டு, சூடேற்றிச் சுருக்கிவிடுங்கள். ஸ்க்ரூ தளர்ந்தாலும் பின் தொலையாது, புழுதியும் குறையும். டியூப் ஷாஃப்ட் தலையின் விளிம்பைத் தாண்டி நீளக் கூடாது, ஸ்டியரிங் திரும்பும்போது இடிக்கும். டிஃபரன்ஷியல் பக்க முனை திறந்த கப்தான். அங்கே கிரீஸ் கிடையாது.

அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் காருக்கு ஆகாது. இரண்டும் புழுதியைக் கட்டும்; நல்லெண்ணெய் நாளானால் பிசினாகவும் ஆகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, வேகத்தில் தெறித்துப்போகும். துரு விலக்கும் ஸ்பிரேயை ஹப் (சக்கரம் மாட்டும் பகுதி) மேல் அடிப்பது மோசமான பழக்கம். பேரிங் உள்ளே கம்பெனியில் வைத்த கிரீஸை அது கரைத்துவிடும். சில நாளில் பேரிங் கிறீச்சிடும். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய சிலிக்கான் ஆயிலும் இங்கே வேண்டாம்: எஃகும் எஃகும் பாரத்தோடு உராயும் இடத்தில் அதன் பாதுகாப்பு குறைவு. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பிளாஸ்டிக் டெலஸ்கோப் ஷாஃப்ட்டைச் சுத்தமாக, உலர்வாக விடுவதே நல்லது.

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முன்பக்கம் கடகடவென்று அதிர்ந்தால் கிரீஸ் போதவில்லை என்று நினைக்கிறார்கள். ஒற்றைப் பின் ஜாயின்ட் மடங்கினால் ஒரே சீராகச் சுற்றாது. 30 டிகிரி மடிப்பில், ஒரு சுற்றுக்குள்ளேயே சக்கரத்தின் வேகம் சுமார் 13 சதவீதம் இறங்கி 15 சதவீதம் ஏறும். எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அது மாறாது. ஸ்டியரிங் கோணத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட் போடுங்கள்.

வற்றிய கண்மாயில் ஓட்டுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வண்டல் சரளையைவிட நைசானது, டியூப் போட்ட ஜாயின்ட்டுக்குள்ளும் போகும். கோடையில் 8 முதல் 10 பேட்டரி ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கறுப்பு கிரீஸ் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் மேலே புதுசு தடவாமல் முழுக்கக் கழுவிவிட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கார் என்றால் அன்றைக்கே பிரிக்க வேண்டும். ஒரு ராத்திரி ஈரத்தோடு கிடந்தால் பின்னில் துரு ஏறிவிடும், துருத் துகளும் தேய்க்கும்.

வளவுக்குள் ஆத்தங்குடிக் கல் தளத்தில் ஓட்டுவதென்றால், சர்வீஸ் முடிந்த காரை முதலில் ஸ்டாண்டில் தூக்கி வைத்து, கீழே பழைய செய்தித்தாள் விரித்து, ஒரு நிமிடம் சக்கரத்தைச் சுழலவிடுங்கள். மிச்ச கிரீஸ் தாளில் தெறிக்கும். சிமென்ட் கல்லில் கறுப்பு கிரீஸ் ஊறினால் கறை லேசில் போகாது.