டிஃபால்ட்: இயல்புநிலையா, முன்னிருப்பா?

நாம் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாதபோது கணினி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புதான் டிஃபால்ட். "டிஃபால்ட்டா என்ன இருக்கோ அதுவே இருக்கட்டும்" என்று தினமும் சொல்கிறோம்.

சொல்லின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு, அதற்கும் பின்னால் லத்தீன். குறை, தவறுகை என்பதே மூலப்பொருள். பிழையைக் குறிக்கும் ஃபால்ட்டும் இதே குடும்பம். வங்கியில் தவணை கட்டத் தவறினால் டிஃபால்ட். வழக்கில் ஆஜராகத் தவறினாலும் டிஃபால்ட். பிரதிவாதி வராவிட்டால் நீதிமன்றம் அவர் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு சொல்லிவிடலாம். நீங்கள் வாய் திறக்காவிட்டால் வேறொருவர் முடிவெடுப்பார் என்ற இந்தப் பொருள்தான் 1960களில் கணினித் துறைக்குள் வந்தது.

அந்த 'வேறொருவர்' யார் என்பதை, தரவைச் சேமிக்கும் வட்டைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிஸ்க் கன்ட்ரோலரில் நன்றாகப் பார்க்கலாம். மடிக்கணினியில் சாட்டா என்ற இணைப்பு முறையில் இயங்கும் வட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலுள்ள இணைப்பு, வேலை இல்லாத நேரத்தில் உறங்கலாம். 'பார்ஷியல்' என்ற லேசான உறக்கத்திலிருந்து 10 மைக்ரோ வினாடிக்குள் எழுந்துவிடும். 'ஸ்லம்பர்' என்ற ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழ 10 மில்லி வினாடி வரை ஆகலாம். ஆழமாக உறங்கினால் மின்சாரம் மிச்சம். ஆனால் எல்லா வட்டுகளும் ஒழுங்காக எழுந்திருப்பதில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இதற்கு எண்ணிட்ட தெரிவுகள் உண்டு. 0 என்றால், கணினியை முதலில் எழுப்பும் மென்பொருளான பயாஸ் வைத்ததைத் தொடாதே. 1 என்றால் முழு வேகம், மிச்சமே வேண்டாம். 2 நடுத்தரச் சேமிப்பு. 3 என்பது அதோடு உறங்கும் உரிமையை வட்டுக்கும் கொடுப்பது. இது விண்டோஸில் இன்டெலின் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) செய்வதை ஒட்டி அமைத்தது. அதற்கும் மேலே போய் மிகக் குறைந்த மின்சாரத்தைத் தேர்ந்தால் சில வட்டுகளில் தரவே கெட்டுப்போகலாம், பயன்படுத்தாதீர்கள் என்று கெர்னலின் உதவிக்குறிப்பே எச்சரிக்கிறது.

2018இல் 4.16 பதிப்பில் இந்தத் தெரிவு வந்தபோது கெர்னல் வைத்த டிஃபால்ட் 0. அதே கெர்னலை எடுத்துக்கொண்ட ஃபெடோரா 28 என்ற லினக்ஸ் வெளியீடு, மடிக்கணினிகளுக்கு 3 என்று வைத்தது. சும்மா இருக்கும் கணினியில் ஒன்று முதல் ஒன்றரை வாட் வரை மிச்சமாகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரே கன்ட்ரோலர், ஒரே வட்டு, இரண்டு டிஃபால்ட். ஒருவர் தரவின் பத்திரத்தைப் பெரிதாக நினைத்தார், இன்னொருவர் பேட்டரியை. எனக்கு ஃபெடோராவின் முடிவே சரியென்று படுகிறது. தகராறு செய்யும் வட்டுகளுக்கு மட்டும் இந்த உறக்கத்தைத் தடுக்கும் பட்டியல் கெர்னலிலேயே இருக்கிறது.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? மென்பொருள்களில் அதிகம் தென்படுவது 'இயல்புநிலை'. படிக்க இதமான சொல்தான், ஆனால் பொருள் பிசகுகிறது. இயல்பு என்றால் பொருளுக்குத் தானாக அமைந்த குணம். 0, 3 இரண்டுமே அந்தக் கன்ட்ரோலரின் இயல்பு இல்லை. இயல்புநிலை என்று எழுதியிருந்தால், அதை மாற்றுவது ஏதோ இயற்கைக்கு மாறான காரியம் போலப் பயனருக்குத் தோன்றும்.

'கொடாநிலை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பயனர் எதுவும் கொடாத நிலை. மூலச்சொல்லின் 'இல்லாமை' இதில் அழகாக வந்துவிடுகிறது; இலக்கணமும் சுத்தம். ஆனால் விளக்கம் சொன்னால்தான் புரியும், வினையாக்கவும் வளையாது.

'முன்னிருப்பு' என்பதே என் தேர்வு. யாரோ முன்கூட்டி வைத்து, இப்போது இருப்பது என்று பிரித்துப் பார்த்தாலே பொருள் வந்துவிடும். கையிருப்பு, வங்கி இருப்பு மாதிரிக் கணக்குச் சொல்லாகத் தொனிக்கிறதே என்பார்கள். கணினித் திரையில் அந்தக் குழப்பம் வராது. முன்னிருப்பு மதிப்பு, முன்னிருப்பு உலாவி, "3ஐ முன்னிருப்பாக வை" என்று எங்கேயும் பொருந்துகிறது. வங்கி டிஃபால்ட்டுக்கு மட்டும் இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே 'தவணை தவறுதல்'தான்.