நட்டை முடுக்கும்போது ஸ்டட் நீள்கிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என எங்கும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. அப்படி வேலை பார்த்த மண்டபம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய ஹெட் ஸ்டட்டுகளையே துடைத்து மாட்டினோம் அண்ணே. டார்க் ரெஞ்சில் புத்தகத்தில் போட்ட அளவு வைத்துத்தான் முடுக்கினோம். கடலுக்குப் போய்க் கொஞ்ச நாளிலேயே ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஏன்?"

ஸ்டட் என்பது இரு முனையிலும் மரை போட்ட எஃகுத் தண்டு: ஒரு முனை என்ஜின் பிளாக்கில் இறங்கும், மறுமுனையில் நட் ஏறும். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டையும், கசிவைத் தடுக்க அதன் அடியில் வைக்கும் கேஸ்கட் தகட்டையும் பிளாக்கோடு சேர்த்துப் பிடிப்பது அதுதான். ரெஞ்ச் காட்டிய அளவு சரியாகவே இருக்கலாம். ஆனால் ரெஞ்ச் அளப்பது நட்டைத் திருப்பும் விசையை. ஹெட்டைப் பிடித்து வைப்பது ஸ்டட்டின் இழுவிசை. இரண்டும் ஒன்றல்ல.

டீசல் என்ஜினின் கதை தெரிந்ததுதான். காற்று அமுங்கிச் சூடாகிறது, டீசல் பீய்ச்சியடிக்கப்பட்டு எரிகிறது. அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ வரை போகலாம். சிலிண்டரின் விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 8 டன். நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த அடி மணிக்கு 54,000 தடவை விழுகிறது.

இதைத் தாங்குவது எது? பலரும் மரையின் பிடிப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் தாங்குவது ஸ்டட்டின் நீட்சி. பள்ளியில் படித்த ஹூக் விதிதான்: எஃகும் ஒரு ஸ்பிரிங், ரொம்ப விறைப்பான ஸ்பிரிங். 12 மி.மீ. ஸ்டட் ஒன்றில் பிளாக்குக்கும் நட்டுக்கும் நடுவே 150 மி.மீ. நீளம் இருந்தால், சரியாக முடுக்கும்போது அது சுமார் 0.3 மி.மீ. நீள்கிறது. எழுதுகிற தாள் மூன்றை அடுக்கினால் வரும் கனம், அவ்வளவுதான். அந்த நீட்சி ஹெட்டைக் கீழே இழுக்கும் விசையோ மூன்று டன்னுக்கு மேல். சிலிண்டரைச் சுற்றி நாலு ஸ்டட் என்றால் 13 டன்னைத் தாண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 8 டன் மேலே தள்ளும்போது ஸ்டட்டின் இழுவிசையும் 8 டன் கூடும் என்றுதானே தோன்றும்? கூடாது. முடுக்கும்போதே ஹெட்டும் கேஸ்கட்டும் அமுங்கிப் போயிருக்கின்றன. வெடிப்பின் விசையில் பெரும்பகுதி அந்த அமுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவதில் செலவாகிவிடுகிறது. ஸ்டட்டுக்குப் போய்ச் சேரும் கூடுதல் விசை சிறிய பங்குதான். அதனால்தான் மணிக்கு 54,000 அடி விழுந்தும் அது களைத்து முறிவதில்லை. நீட்சி குறைவாக இருந்தாலோ, ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட் மயிரிழை எழும்பி உட்காரும். சூடான வாயு அந்த இடுக்கில் புகுந்து கேஸ்கட்டை அரிக்கும். முன்னைவிட அதிகமாக முடுக்கிய ஸ்டட்டுக்கு ஆயுள் கூடுவதும், தளர்வாக விட்ட ஸ்டட் சீக்கிரம் முறிவதும் இதனால்தான். ஒரு வரம்பு உண்டு: எஃகு திரும்பி வரமுடியாத அளவுக்கு இழுத்துவிடக் கூடாது.

சரி, ரெஞ்சில் வைத்த அளவு எங்கே போனது? நாம் கொடுக்கும் திருப்புவிசையை 100 பங்காகக் கொண்டால், சுமார் 50 பங்கை நட்டின் அடிப்பரப்பு உராய்வும், 40 பங்கை மரையின் உராய்வும் தின்றுவிடும். ஸ்டட்டை நீட்ட மிஞ்சுவது 10 பங்குதான். மரையில் லேசாகத் துரு இருந்து உராய்வு 95 பங்கைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது 5. ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், பிடிப்பு பாதியாகியிருக்கும். புத்தகம் ஆயில் போடச் சொன்ன இடத்தில் உலர்ந்த மரையில் முடுக்கினாலும் இதே கதை. அதைவிட வழுக்கலான கிரீஸைப் பூசினால் எதிர்ப்பக்கம் போய், ஸ்டட் வரம்பு மீறி இழுபடும்.

பிளாக் துளையிலும் கவனம் வேண்டும். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், ஸ்டட் இறங்க இறங்க அதற்குப் போக வழியிருக்காது. திரவம் அமுங்காது; வார்ப்பிரும்பு வெடித்துவிடும். மரை வெட்டும் கருவியான டேப்பை ஓட்டிச் சுத்தம் செய்து, கம்ப்ரஸர் காற்றடித்து, அப்புறம்தான் ஸ்டட். என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள் துளை திறந்தால், கசிவை அடைக்கும் சீலண்ட் பசையை மரையில் பூச வேண்டும். புத்தகம் வேறு சொல்லாதவரை ஸ்டட்டைக் கையாலேயே இறக்கினால் போதும். இழுத்துப் பிடிக்கும் வேலை மேலே நட்டுடையது.

ஹெட் அடிக்கடி போனால் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள். சாமி கும்பிடுவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் காரணம் மரையில் இருக்கும்போது பழத்தில் தேடினால், நடுக்கடலில் என்ஜின் நின்று ஆள் தவிக்கிறான். இந்தக் கரையின் உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று ஆராய, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலேயே ஓர் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. பாலங்களுக்குச் செய்யும் ஆய்வில் ஒரு பங்கு படகு என்ஜினின் ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் வர வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முடுக்கும் வரிசை மெக்கானிக்குகளுக்குத் தெரியும்: நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக. பழைய ஸ்டட்டை மறுபடி போடலாமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புது நட் ஒன்றைக் கையாலேயே மரையின் முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். சுத்தம் செய்த பிறகும் ஓரிடத்தில் இறுகி நின்றால் அங்கே மரை இழுபட்டிருக்கலாம். நடுத்தண்டு எங்காவது மெலிந்திருந்தாலும், உப்பரித்துக் குழி விழுந்திருந்தாலும் அந்த ஸ்டட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.