இன்டர்சேஞ்ச்: சந்திப்பா, மாறு நிலையமா?

பெருநகரங்களில் இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்தாறு ரயில் வழித்தடங்கள் ஒரே நிலையத்துக்கு வந்து சேரும். ஒரு வண்டியிலிருந்து இறங்கி, படியேறியோ சுரங்க நடைபாதையில் நடந்தோ, வேறு வழித்தடத்து வண்டியைப் பிடிக்கலாம். இப்படி வண்டி மாற வசதியாக அமைந்த நிலையத்தைத்தான் இன்டர்சேஞ்ச் என்கிறோம். தமிழில் எழுதும்போது சந்திப்பு, இணைப்பு நிலையம், பரிமாற்ற நிலையம், மாற்று நிலையம் என்று ஆளுக்கொரு சொல்லைப் போடுகிறார்கள். எதை எழுதினாலும் புரிந்துவிடும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இவற்றில் ஒவ்வொன்றும் வேறு பொருள் தருகிறது. ஒன்றிரண்டு தவறான பொருளையே தருகின்றன.

இன்டர்சேஞ்சைப் பற்றிப் பேசுமுன் ஜங்ஷனைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஜங்ஷனின் வேர் லத்தீன் மொழியில் சேர்த்துக் கட்டுவதைக் குறிக்கும் 'யுங்கெரே' என்ற வினை. யோகம் என்ற வடசொல்லுக்கு அடியான 'யுஜ்' என்ற வேரும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலார் முடிவு. ரயில்வேக்காரர் பேச்சில் ஜங்ஷன் என்றால் பாதைகள் சேரும் இடம், அல்லது பிரியும் இடம். குறைந்தது மூன்று திசைகளுக்காவது அங்கிருந்து பாதை போக வேண்டும். விழுப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு, விருத்தாசலம், மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. அங்கே பெயர்ப் பலகையில் ஜங்ஷன் என்பதற்குச் 'சந்திப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். மிகச் சரியான சொல். அதை மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

சந்தி என்பது வடமொழி வழியாக வந்ததுதான். ஆனால் நேற்று வந்ததல்ல. முருகன் உறையும் இடங்களை அடுக்கிச் சொல்லும் திருமுருகாற்றுப்படையிலேயே 'சதுக்கமும் சந்தியும்' என்று வருகிறது. சதுக்கம் நான்கு தெருக்கள் கூடும் இடம். முச்சந்தி, நாற்சந்தி என்று இன்றும் சொல்கிறோம். ஒரு குடும்ப விவகாரம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் 'சந்தி சிரிக்கிறது' என்கிறோம். வழிகள் கூடுமிடம் என்ற பொருள் அந்தச் சொல்லில் அவ்வளவு ஆழமாக ஊறிக்கிடக்கிறது.

இதே இடத்தைக் குறிக்கத் தமிழில் இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு: கவலை. வழி கவடுபட்டுப் பிரியும் இடத்துக்குச் சங்கப் பாடல்களில் இதுதான் பெயர். கவர்தல் என்றால் கிளையாகப் பிரிதல். மதுரைக்குப் போகும் பாதை மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம், சிவபெருமான் ஏந்திய சூலம் போல வழி 'கவர்க்கும்' என்கிறது. ஜங்ஷனில் நடப்பதும் அதேதான். வருகிறவருக்குச் சேருமிடம், போகிறவருக்குப் பிரியுமிடம். கவலை என்றால் இன்று மனக்கவலை மட்டும்தான் நினைவுக்கு வரும் என்பதால் அந்தச் சொல்லை மீட்டு நிலையத்துக்கு வைக்க முடியாது. ஆனால் இந்தக் கருத்துக்குத் தமிழில் எப்போதும் சொல் இருந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, இன்டர்சேஞ்சுக்கு வருவோம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. முன்பாதி 'இடையே' என்று பொருள்படும். பின்பாதி, பண்டமாற்றைக் குறித்த 'கம்பியாரே' என்ற பிற்கால லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதுதான் அடிப்படைப் பொருள். ரயில் உலகுக்கு வந்தபோது, ஒரு வண்டியை விட்டு இன்னொன்றில் ஏறுவது என்று பொருள் திரிந்தது.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஜங்ஷன் என்பது தண்டவாளத்தின் பக்கமிருந்து வைத்த பெயர். இன்டர்சேஞ்ச் பயணியின் பக்கமிருந்து வைத்த பெயர். ஜங்ஷனில் பாதையும் பாதையும் சேருகின்றன. தண்டவாளத்தை நகர்த்தி வண்டியைத் திருப்பிவிடும் பாயிண்ட் என்ற அமைப்பை மாற்றினால் வண்டியே ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும், பயணி இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. இன்டர்சேஞ்சில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய கட்டாயமே கிடையாது. டெல்லி மெட்ரோவின் ராஜீவ் சௌக்கில் நீல வழித்தடம் ஒரு தளத்திலும் மஞ்சள் வழித்தடம் அதற்குக் கீழே இன்னொரு தளத்திலும் ஓடுகின்றன. நீல வண்டி மஞ்சள் பாதைக்கு மாறுவதில்லை. மாறுவது மனிதர்கள்தான்.

டோக்கியோவின் ஷின்ஜூகு நிலையத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஐந்து வெவ்வேறு நிறுவனங்களின் ரயில்கள் அங்கே வருகின்றன. 2018 கணக்குப்படி நாளொன்றுக்குச் சராசரியாக 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புழங்கிய நிலையம் அது. உலகிலேயே மிகப் பரபரப்பான நிலையம் என்று கின்னஸ் பதிவும் உண்டு. பாரிஸின் ஷாட்லே நிலையத்தில் ஐந்து மெட்ரோ வழித்தடங்கள். நடைபாதை வழியாக அதோடு இணைந்த லே ஆல் நிலையத்தில் மூன்று புறநகர் வழித்தடங்கள். லண்டனின் கிங்ஸ் கிராஸ் சென்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ஆறு சுரங்க ரயில் வழித்தடங்கள். இந்த இடங்களை நடத்துகிறவர்களுக்குப் பெரிய பாடு ரயிலைத் திருப்பிவிடுவது அல்ல, கூட்டத்தைத் திருப்பிவிடுவது. எந்தப் படிக்கட்டில் ஏறுவது, எந்த நடைபாதை ஒருவழி, எந்த நிற அம்புக்குறியைப் பின்தொடர்வது என்பதையெல்லாம் யோசித்து அமைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டும் ஒரே இடத்தில் அமைவதும் உண்டு. லண்டனில் 1863-இல் திறந்த கிளாப்பம் ஜங்ஷனின் பெயரிலேயே ஜங்ஷன் இருக்கிறது. வாட்டர்லூ பக்கமிருந்தும் விக்டோரியா பக்கமிருந்தும் வரும் பாதைகள் அங்கே அருகருகே ஓடுவதால், ஒன்றில் வந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்களின் கூட்டம் எப்போதும் இருக்கும். இப்படிப்பட்ட நிலையங்களைப் பார்த்துத்தான் இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் என்று நினைத்துவிடுகிறோம்.

டெர்மினஸ் வேறு. எல்லை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. ரோமானியர்களுக்கு அதே பெயரில் எல்லைத் தெய்வமும் இருந்தது. பாதை முடியும் நிலையம். தமிழில் முனையம். அங்கே சிக்கல் ஏதுமில்லை.

அப்படியானால் இன்டர்சேஞ்சுக்குத் தமிழில் என்ன? மற்ற மொழிகள் என்ன செய்தன என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. ஜெர்மானியர்கள் 'உம்ஷ்டைகபான்ஹோஃப்' என்கிறார்கள். 'ஷ்டைகன்' என்றால் ஏறுதல். வண்டி மாறி ஏறும் நிலையம் என்பது பொருள். ஜப்பானியர்கள் 'நோரிகாஎ எகி' என்கிறார்கள்: ஏறுதல், மாற்றுதல் என்ற இரண்டு வினைகளும் நிலையமும் சேர்ந்த சொல். சீனத்திலும் இதே கட்டமைப்புத்தான். இவர்கள் எல்லோரும் பயணி செய்யும் வேலையைப் பெயராக்கியிருக்கிறார்கள். பாதையைப் பெயராக்கவில்லை.

இப்போது நம் சொற்களை நிறுத்துப் பார்ப்போம். 'பரிமாற்ற நிலையம்' அகராதியைப் பார்த்துச் செய்தது போலத்தான் படுகிறது. பரிமாற்றம் என்றால் இருவர் கொடுத்து வாங்குவது: கருத்துப் பரிமாற்றம், தகவல் பரிமாற்றம். ஆங்கிலச் சொல்லின் பழைய பண்டமாற்றுப் பொருளுக்கு அது பொருந்தும், நிலையத்தில் நடப்பதற்குப் பொருந்தாது. பயணி யாரிடமும் எதையும் கொடுத்து வாங்குவதில்லை. 'மாற்று நிலையம்' இன்னும் ஆபத்தானது. மாற்றுவழி, மாற்று ஏற்பாடு, மாற்றுச் சாவி என்றெல்லாம் நாம் சொல்வதால், இது மூடிய நிலையத்துக்குப் பதிலாக வைத்த இன்னொரு நிலையம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அறிவிப்பில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, இந்த நிலையத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டால் அது அவர் தவறல்ல.

'இணைப்பு நிலையம்' பரவாயில்லை. இணைப்பு ரயில் என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பார்வை மறுபடியும் பாதையின் பக்கம் போய்விடுகிறது. 'தடமாற்று நிலையம்' என்றும் சொல்லிப் பார்க்கலாம். தடம் மாறுவது, தடம் புரள்வது இரண்டும் தமிழில் நல்ல செய்தியாக இருந்ததில்லை.

நான் பரிந்துரைப்பது 'மாறு நிலையம்'. மாறுகிற நிலையம் என்றால் நிலையமே மாறுகிறது என்று ஆகாதா என்று ஒரு கேள்வி வரும். ஆகாது. தமிழின் வினைத்தொகை இதற்கு நன்றாக இடம் கொடுக்கிறது. ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை, களத்தில் ஆடுகிறார்கள். இறங்குதுறையில் துறை இறங்குவதில்லை, படகிலிருந்து மக்கள் இறங்குகிறார்கள். சுடுகாடும் அப்படித்தான் அமைந்தது. அதே வரிசையில் மாறு நிலையம் என்றால் பயணிகள் மாறும் நிலையம். இதில் இறங்குதுறை போக்குவரத்துச் சொல்லே என்பது இன்னும் பொருத்தம். தவிர, ரயில் பயணத்தில் நாம் செய்கிற மூன்று வேலைகளும் ஏறு, இறங்கு, மாறு என்று ஒரே ஓசையில் தமிழில் அமைந்திருக்கின்றன. 'அங்கே இறங்கி வண்டி மாறணும்' என்றுதான் எல்லோரும் வழி சொல்கிறார்கள். வாயில் இருக்கிற வினையையே பெயராக்கினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சுருக்கம் வேண்டாம், தெளிவுதான் முக்கியம் என்கிறவர்கள் 'வண்டி மாறும் நிலையம்' என்றே எழுதலாம்.

இந்த வினையை வைத்துக்கொண்டால் அதைச் சார்ந்த மற்ற சொற்களும் எளிதாகப் பிறக்கும். ஒரு வழித்தடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிச் செல்லும் நடைபாதையை மாறுபாதை எனலாம். சிங்கப்பூரின் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையங்களில் படியேறாமல் நடைமேடையைக் குறுக்கே கடந்தாலே அடுத்த வழித்தடத்து வண்டி நிற்கும். இதை ஒருமேடை மாற்றம் எனலாம். லண்டனில் சில இடங்களில் டிக்கெட் கேட்டைத் தாண்டி வெளியே வந்து, தெருவில் நடந்து, பக்கத்து நிலையத்துக்குள் நுழைந்தாலும், குறித்த நேரத்துக்குள் நுழைந்தால் அதை ஒரே பயணமாகக் கணக்கிட்டுக் கட்டணம் எடுக்கிறார்கள். அது வெளிமாற்றம்.

நெடுஞ்சாலைகளிலும் இன்டர்சேஞ்ச் என்ற சொல் உண்டு. அங்கே மேம்பாலங்கள் வழியாக வண்டியே நிற்காமல் ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புகிறது, யாரும் இறங்குவதில்லை. அதனால் அதற்கு மாறு நிலையம் பொருந்தாது. மேம்பாலச் சந்திப்பு என்றே எழுதலாம்.