இரும்பு சாகாது, ரப்பர்தான் முதலில் சாகும்

கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான், இன்ஜின் போய்விடுமோ, கியர்பாக்ஸ் போய்விடுமோ என்று. இத்தனை வருடம் பட்டறையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், நடுத்தர அளவு குடும்பக் காரில் இன்ஜின் தானாகப் போய் நான் பார்த்தது குறைவு. ஒரு ஹோஸ், ஒரு பெல்ட், ஒரு பூட் (ரப்பர் உறை), மாற்றாமல் விட்ட ஆயில் என்று ஏதாவது ஒன்று முதலில் போகும், அதைக் கவனிக்காமல் ஓட்டியதில் இரும்பும் கூடவே போகும். பில்லில் பெரிய தொகை இரும்புக்கு இருக்கும், ஆனால் கோளாறு ஆரம்பித்த இடம் ரப்பராக இருக்கும்.

சமீபத்தில் 8 வருடப் பழைய பெட்ரோல் செடான் ஒன்று வந்தது. டெம்பரேச்சர் ஊசி மேலே ஏறியதை ஓட்டியவர் பார்த்திருக்கிறார், வீட்டுக்கு இன்னும் 4 கி.மீ.தானே என்று ஓட்டியும் விட்டார். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, நேரான எஃகுப் பட்டை ஒன்றை அதன்மேல் நிறுத்திப் பின்பக்கம் டார்ச் அடித்தேன். நடு சிலிண்டர்களுக்கு நேரே வெளிச்சம் கோடு மாதிரி ஒழுகியது. இடைவெளி அளக்கும் 0.15 மி.மீ. ஃபீலர் தகடு தடங்கலே இல்லாமல் உள்ளே போனது. பொதுவாக 0.1 மி.மீ. தாண்டினாலே ஹெட்டுக்கு அடியில் அடைக்கும் கேஸ்கெட் ஒழுங்காக உட்காராது, ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சீவ வேண்டும், அதுவும் முடியாவிட்டால் புது ஹெட். காரணம் என்ன என்று தேடினால், ஹீட்டருக்குப் போகும் விரல் தடிமன் ஹோஸ், கிளாம்ப் இறுக்கிய இடத்தில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் அதன் வழியே ஒழுகியிருந்தது. அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் அந்த ஊசி உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. இன்ஜின் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் ஊசி நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஆட்கள் சும்மா பயப்படுவார்கள் என்று. ஆகவே ஊசி நடுவை விட்டு நகர்ந்துவிட்டது என்றால் விஷயம் ஏற்கனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். கூலண்ட் மொத்தமும் வெளியே போய்விட்டாலோ, சென்சார் வெறும் காற்றில் நிற்கும், அப்போது ஊசி இறங்கிக்கூடப் போகும். அதைப் பார்த்து நிம்மதியாக ஓட்டினவர்களும் உண்டு. ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். இழுவை வண்டிக்குக் கொடுப்பது ஹெட் வேலையின் முன்னால் ஒரு செலவே இல்லை.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டும் இதே கதைதான், ஆனால் எச்சரிக்கைகூட இல்லாமல் வரும் கதை. மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 60,000 கி.மீ.யிலிருந்து 1,60,000 கி.மீ. வரை எங்கோ ஒரு கெடு இருக்கும், வருடக் கணக்கும் கூடவே இருக்கும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. "நான் அதிகம் ஓட்டவில்லையே" என்பார்கள். நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும். அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை அடித்து வளைத்துவிடும். பெல்ட் மாற்றும்போது அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றச் சொல்வோம், பணம் பறிக்க அல்ல. கூலியில் முக்கால்வாசி அந்த இடத்தைத் திறப்பதற்குத்தான், பம்ப் அடுத்த வருடம் ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். செயின் வைத்த இன்ஜின் என்றால் தப்பித்தோம் என்று இல்லை, செயினின் ஆயுள் ஆயிலில் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்குகிறதா, காட்டிவிடுங்கள்.

ஆயில் பற்றி ஒன்றே ஒன்று: ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை மாதம் ஒருமுறை உருவிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. பல கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு அளவுக்கு அல்ல, அழுத்தத்துக்கு. அது எரிகிறபோது பேரிங்குகள் ஏற்கனவே ஆயிலுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சில கையேடுகளில் போட்டிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சூட்டில் எந்த ஆயிலும் கெடும். நெரிசலில் ஓடும் வண்டி என்றால் 60,000 கி.மீ. வாக்கில் மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சி.வி.டி. (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) பெட்டியில் அதற்கென்று சொன்ன ஆயிலை மட்டும்தான் ஊற்ற வேண்டும், உள்ளே இருக்கும் உலோக பெல்ட் வழுக்காமல் பிடிப்பதே அந்த ஆயிலின் குணத்தால்தான்.

பிரேக் ஆயில் யாரும் கேட்காத ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி பக்கம் இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டைத் தொட்டுவிடலாம், ஆயிலில் குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வண்டியை லிஃப்டில் தூக்கியதும் நான் முதலில் தடவிப் பார்ப்பது ஆக்ஸில் பூட். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர் உறையில் ஒரு மடிப்பு கிழிந்தாலும், சக்கரம் சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்து ரிம்மின் உட்பக்கம் கறுப்பாக அப்பியிருக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அந்த நிலையில் பிடித்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் முடிந்தது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் உறைக்குள் இருக்கும் ஜாயின்ட்டே போய்விட்டது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் அப்படித்தான், அது நைந்தால் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது, டயர் உள்ஓரமாகத் தேயும். புது டயரைப் போட்டுவிட்டு மூன்று மாதத்தில் டயரைத் திட்டிக்கொண்டு வருவார்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் சின்னக் கருவி ஒன்றைச் சொருகி கோளாறுக் குறியீட்டைப் படித்து, அதில் வரும் பெயரில் சென்சார் வாங்கி வருபவர்கள் இப்போது அதிகம். குறியீடு சொல்வது எங்கே வலிக்கிறது என்பதை, எது கெட்டது என்பதை அல்ல. பி 0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள், அதற்கு ஆக்சிஜன் சென்சார் வாங்கி மாட்டிவிட்டு விளக்கு அணையவில்லையே என்று நிற்பார்கள், கடைசியில் வெடித்த ஒரு வேக்குவம் ஹோஸ் வழியாக இன்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் காத்திருக்காதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிகிறது, அது மிக விலை கூடிய பாகங்களில் ஒன்று.

சரி, மொத்தச் செலவு என்று கணக்குப் போட்டால், முதல் சில வருடங்களில் பெரிய செலவு பட்டறைக்கே வராது. அது வண்டியின் மதிப்புக் குறைவது. பில் வராததால் யாரும் எழுதி வைப்பதில்லை. அப்புறம் எரிபொருள், இன்ஷூரன்ஸ், டயர். வாங்கும்போது பெரிய சக்கரம் வைத்த வேரியன்ட்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதன் விலை முதல் செட் டயர் மாற்றும்போதுதான் தெரியும், பக்கச் சுவர் குட்டையான டயர் என்பதால் பள்ளத்தில் ரிம்மும் அடிவாங்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னை அழைத்துப் போனால் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன். நாங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் நாளைக் காலை வருகிறோம் என்று சொல்லிவிடுவேன், ஏனென்றால் செயின் சத்தமும் புகையும் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் வாயைத் திறக்கும். அடுத்து டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்பேன். "மாற்றியாச்சு, பில்தான் எங்கேயோ இருக்கு" என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், பம்ப், கூலி மூன்றையும் விலையிலிருந்து கழித்துத்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.